ஃபிளாட் பார்க்கப் போகிறவர்கள் டைல்ஸை அப்புறம் பார்க்கலாம்

தனி வீடா, ஃபிளாட்டா என்று யோசிப்பவர்கள் விலையையும் சதுர அடியையும் மட்டுமே ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஃபிளாட் வாங்கினால் வீட்டோடு சேர்ந்து அந்தக் கட்டடத்தின் வரவு செலவும், சண்டை சச்சரவும் நம்முடையதாகிவிடும். அது நமக்கு ஒத்து வருமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

பொதுவாக நான்கு சுவருக்குள் இருப்பதுதான் நமக்கு. மொட்டை மாடி, லிஃப்ட், வெளிச்சுவர், மேலிருந்து கீழ்வரை ஓடும் கழிவுக் குழாய் எல்லாம் பொது. பால்கனிக்கு கிரில் போட, ஏசி பெட்டியை வெளியே மாட்ட அனுமதி வாங்க வேண்டியிருக்கும். நாய் வளர்க்கலாமா, வீட்டில் வகுப்பு எடுக்கலாமா, வாடகைக்கு விடலாமா என்பதையெல்லாம் வீட்டுக்காரர்கள் அசோசியேஷனின் விதிப் புத்தகமான பைலாதான் சொல்லும். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே அதை வாங்கி வாசித்துவிடுங்கள். யாரையும் கேட்காமல் இடித்துக் கட்டிப் பழகியவருக்கு ஃபிளாட் சரிப்படாது, வாங்கவே வேண்டாம்.

அடுத்தது பணம். நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான். மாத மெயின்டனன்ஸ் குறைவு என்று சொன்னால் சந்தோஷப்படாதீர்கள், எதைச் செய்யாமல் விட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். லிஃப்ட் சுமார் 20, 25 வருடம் உழைக்கும். மாடியில் போட்ட வாட்டர் புரூஃபிங் 10, 15 வருடம் தாங்கினாலே பெரிது. 24 வீடு உள்ள 22 வருடக் கட்டடம், அதே பழைய லிஃப்ட், சேமிப்பு நிதியில் புது லிஃப்ட் விலையில் கால் பங்குதான் இருக்கிறது என்று வையுங்கள். மீதியைப் பிரித்தால் ஒரு வீட்டுக்கு லிஃப்ட் விலையில் 32-ல் ஒரு பங்கு. ஆறு வீட்டுக்காரர்கள் கையை விரித்தால் மற்றவர்களுக்கு 24-ல் ஒரு பங்கு. 12 வீடு மட்டுமே உள்ள கட்டடம் என்றால் ஆரம்பமே 16-ல் ஒன்று. அதனால் அசோசியேஷனிடம் மூன்று வருடக் கணக்கு, நிதி இருப்பு, யார் எவ்வளவு பாக்கி, பொதுக்குழுக் கூட்டக் குறிப்பு எல்லாவற்றையும் கேளுங்கள். கூட்டத்துக்குக் கூட்டம் அதே கசிவுப் புகார் எழுதப்பட்டிருந்தால், அது உங்கள் காலத்திலும் தொடரும். காட்ட மறுத்தால் அதுவே பதில்.

கசிவு இல்லாத அடுக்குமாடி அபூர்வம். பார்க்கப் போகும்போது குளியலறைக் கூரையை அண்ணாந்து பாருங்கள். முடிந்தால் கீழ்வீட்டுக் கதவையும் தட்டி, அவர்கள் கூரையைப் பார்த்துவிட்டு வாருங்கள். யாரும் குளிக்காத நாளிலும் ஈரம் பரவினால் தண்ணீர் வரும் குழாயில் கோளாறு இருக்கலாம். குளித்த பிறகு மட்டும் பரவினால் தரையிலோ கழிவுக் குழாயிலோ இருக்கலாம். சந்தேகம் தீர, தரைத் துவாரத்தை அடைத்து ஒரு அங்குலம் தண்ணீர் கட்டி, சுவரில் பென்சிலால் கோடு போட்டு 24 மணி நேரம் விடுவார்கள். மட்டம் தெளிவாக இறங்கினாலோ கீழே ஈரம் தெரிந்தாலோ தரையை உடைத்துச் சரிசெய்ய வேண்டி வரலாம். அந்தச் செலவு மேல்வீட்டுக்கா, பொதுவா என்பதில்தான் உறவே முறியும். பைலாவில் அதற்கு விதி இருக்கிறதா பாருங்கள்.

தரைத்தளத்துக்கு வேறு தொல்லை. பொதுக் கழிவுக் குழாய் அடைத்தால், மேலே விடும் தண்ணீர் ஆகக் கீழே உள்ள துவாரத்தில் பொங்கி வரும்.

சத்தம் ஆளுக்கு ஆள் மாறும். மாடியில் நடக்கும் காலடி கான்கிரீட் வழியாகவே இறங்கும். அவர்கள் தரையில் கம்பளம் விரித்தால் குறையும், நாம் கீழே ஃபால்ஸ் சீலிங் போட்டு அதை முழுசாகத் தடுக்க முடியாது. பகலில் பார்த்தது போதாது. இரவு பத்து மணிக்கு ஒரு முறை, விடியற்காலை மோட்டார் ஓடும்போது ஒரு முறை போய், லிஃப்ட் பக்கச் சுவரில் காதை வைத்துக் கேளுங்கள்.

அடிக்கடி ஊர் ஊராகப் போகிறவருக்கு, பூட்டிவிட்டுக் கிளம்ப ஃபிளாட் போல வசதி இல்லை. ஆனால் வீட்டில் படி ஏற முடியாதவர் இருந்து, கட்டடத்தில் இருப்பதும் ஒரே லிஃப்ட் என்றால், அது பழுதாகி நிற்கும் வாரத்தை நினைத்துப் பார்த்து, எத்தனையாவது மாடி என்று முடிவெடுங்கள்.