இது யாருடைய பிறந்தநாள்?

தீபாவளி முறுக்கு டின் இன்னும் காலியாகல. அதுக்குள்ள கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங் பேரங்காடி ஒன்றில் மூணு மாடி உயரத்துக்குக் கிறிஸ்மஸ் மரம்! பஞ்சுப் பனி, கலைமான், தள்ளுபடி அட்டை. கிறிஸ்மஸ் தாத்தாவோட படம் எடுக்கணுமா, 200 ரிங்கிட் ரசீதைக் காட்டு. சுத்திச் சுத்தித் தேடினேன். மரியாள் இல்லை, சூசை இல்லை, தொழுவம் இல்லை. குழந்தை இயேசுவே இல்லாம எதுக்குய்யா இந்தக் கொண்டாட்டம்?

1223-இல் புனித அசிசி பிரான்சிஸ் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் இயேசு பிறப்புக் குடில் அமைச்சப்போ வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை போதுமா இருந்தது.

கிறிஸ்மஸுக்கு முன்னாடி திருவருகைக் காலம்னு நான்கு ஞாயிறு இருக்கே, யாருக்காவது ஞாபகம் இருக்கா? சாமியார் ஊதா உடையில் நிற்பார், ஞாயிறு பூசையில் வானவர் கீதம்ங்கிற மகிழ்ச்சிப் புகழ்ப்பாட்டைக்கூடப் பாட மாட்டோம். காத்திருக்கிற காலம் அது! நாமோ நவம்பரிலேயே கேக் வெட்டுறோம். டிசம்பர் 26 வந்தா மரத்தைப் பிரிச்சுட்டு சீனப் பெருநாள் விளக்கு மாட்டுறாங்க. கோயிலில் கிறிஸ்மஸ் காலம் அப்போதான் தொடங்கியிருக்கும். மனசு ஆறவே மாட்டேங்குது.

எங்க வீட்டுக் குடிலில் தீவனத் தொட்டி இப்போ காலிதான். பாட்டி கொடுத்த விரல் நீள மண் பாலன், ஒரு காது உடைஞ்சது, பஞ்சில் சுற்றி அலமாரியில் இருக்கு. 24 ராத்திரி வரைக்கும் எடுக்க மாட்டேன்.