ஒய் குரோமோசோமுக்கு நாள் குறித்தவர்கள்

"ஆண் இனம் அழிகிறது, விஞ்ஞானிகள் அதிர்ச்சி" என்ற செய்தியைப் பெரியண்ணன் நேற்று மூன்றாவது முறையாக வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் படம் மட்டும்தான் மாறுகிறது. கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவள் என்பதால், இந்த மாதிரி எதுவானாலும் எனக்குத்தான் முதலில் வரும்.

ஆணிடம் மட்டும் இருக்கும் ஒய் குரோமோசோம், அதாவது மரபணுக்களைச் சுமக்கும் இழைகளில் ஒன்று, தேய்ந்து மறைகிறது என்பதுதான் செய்தி. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ், ஆணுக்கு ஓர் எக்ஸும் ஓர் ஒய்யும். செய்தியின் வேர் பொய்யில்லை. எக்ஸும் ஒய்யும் ஒரு காலத்தில் ஒத்த ஜோடி. ஏறக்குறைய 18 கோடி ஆண்டுகளுக்கு முன், அந்த ஜோடியில் ஒன்றில் ஆணைத் தீர்மானிக்கும் எஸ்.ஆர்.ஒய் மரபணு வந்து உட்கார்ந்தது. பிறகு இரண்டும் துண்டுகளை மாற்றிக்கொள்ளும் கொடுக்கல் வாங்கல் படிப்படியாக நின்றது. பெண்ணிடம் இரண்டு எக்ஸ் இருப்பதால் ஒன்றை வைத்து மற்றொன்றின் பிழையைத் திருத்திக்கொள்ளலாம். ஒய்க்கு அந்தத் துணை இல்லை. நுனிகளில் மட்டும் எக்ஸோடு ஒட்டுறவு. ஆக, பழைய மரபணுக்களில் மிகப் பெரும்பாலானவை கழன்றுபோயின. 2002இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மரபியலாளர் ஜெனிஃபர் கிரேவ்ஸ் இந்த இழப்பைக் காலத்தால் வகுத்துப் பார்த்து, இந்த வேகத்தில் போனால் இன்னும் 1 கோடி ஆண்டுகளில் ஒய் காலி என்றார்.

எனக்கு அந்த வகுத்தல்தான் உறுத்துகிறது. பங்குனியில் மாம்பிஞ்சு உதிரும் வேகத்தை எண்ணி, சித்திரையில் மரத்தில் ஒரு காய்கூட மிஞ்சாது என்று சொல்வதைப் போன்றது அது. உதிர வேண்டியது உதிர்ந்த பிறகு காம்பு பிடித்துக்கொள்ளும்.

2012இல் அமெரிக்காவில் டேவிட் பேஜின் ஆய்வுக்குழு, ரீசஸ் குரங்கின் ஒய்யை மனித ஒய்யோடு வரிசையாக ஒப்பிட்டது. டெல்லி அலுவலகங்களில் கோப்பைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறதே, அதே செம்முகக் குரங்குதான். நம் வழியும் அதன் வழியும் பிரிந்து 2.5 கோடி ஆண்டுகள். அத்தனை காலத்தில் மனித ஒய் இழந்த பழைய மரபணு ஒன்றே ஒன்று. குரங்கின் ஒய் எதையும் இழக்கவில்லை. மிஞ்சியவற்றில் ஒரு டஜன் மரபணுக்கள் விரைக்கு மட்டும் வேலை செய்பவை அல்ல. இதயம், நுரையீரல் என்று உடல் முழுக்க மற்ற மரபணுக்களை மேய்ப்பவை. பெண்ணின் செல்லில் ஒரு எக்ஸ் பெரும்பாலும் வாயடைக்கப்படும். ஆனால் இவற்றின் எக்ஸ் ஜோடிகள் அங்கேயும் வாயடைக்கப்படுவதில்லை. ஆணோ பெண்ணோ, இரண்டு பிரதி தேவைப்படுகிறது. இவ்வளவு வேலை இருப்பவர்களை யார் வெளியே அனுப்புவார்கள்?

ஒய் சும்மாவும் இருக்கவில்லை. மனித ஒய்யில் 8 இடங்களில், விகடகவி என்ற சொல்லைப் போல, முன்னும் பின்னும் ஒன்றாகவே வாசிக்கும் மிக நீண்ட பகுதிகள் இருக்கின்றன. துணை இல்லாத குரோமோசோம் தனக்குத்தானே நகல் வைத்துப் பிழை திருத்திக்கொள்கிறது. சிம்பன்சியில் இவை 19. அங்கே ஒரு பெண் பல ஆண்களோடு கூடுவதால் விந்தணுக்களுக்குள் போட்டி. அந்த வேலைக்கான மரபணுக்கள் பெருகின, வேறு சில போயின.

அளவைப் பார்த்துப் பயப்படுபவர்களுக்கு 2024இல் வந்த வாலில்லாக் குரங்குகளின் எக்ஸ், ஒய் டி.என்.ஏவின் முழு எழுத்து வரிசையைக் காட்டுவேன். எக்ஸ் எல்லாரிடமும் ஏறக்குறைய ஒரே முகம். ஒய் அப்படியில்லை: சுமத்ரா ஒராங்குட்டானுக்கு 6.8 கோடி எழுத்துகள், மனிதனுக்கு 6.2 கோடி, சியாமாங் கிப்பனுக்கு 3 கோடி. நம்முடையதில் பாதிகூட இல்லாத ஒய்யோடு சியாமாங் ஆண், தொண்டைப் பையை ஊதிக்கொண்டு, இணையோடு சேர்ந்து காடு அதிரக் கத்திக்கொண்டிருக்கிறது.

சரி, ஒய் போயே போய்விட்டது என்று வையுங்கள். எங்கள் செய்முறை வகுப்பில் எருக்கஞ்செடியில் பிடித்த வெட்டுக்கிளியின் விரையை அசிட்டோகார்மைன் என்ற சாயச் சொட்டில் வைத்து, கவர்ஸ்லிப் மேல் வடிதாளைப் போட்டுக் கட்டைவிரலால் அழுத்தச் சொல்வோம். விரல் கொஞ்சம் வழுக்கினால் எல்லாம் கசங்கிவிடும். சரியாக வந்தால் சிவப்பாக 9 ஜோடி குரோமோசோம்கள், ஓரத்தில் ஜோடியில்லாமல் ஓர் எக்ஸ். மொத்தம் 19. "இன்னொன்று எங்கே மேடம்?" என்று ஆண்டுதோறும் ஒரு பிள்ளையாவது கேட்கும். இன்னொன்று கிடையாது, ஆண் வெட்டுக்கிளிக்கு ஒய்யே இல்லை. ஜப்பானின் அமாமி ஓஷிமா தீவில் உள்ள முள்மயிர் எலி, பாலூட்டியாக இருந்தும், ஒய்யை முழுவதும் தொலைத்துவிட்டது. 2022இல் காரணம் தெரிந்தது: விரை உருவாகத் தூண்டும் சாக்ஸ்9 மரபணுவுக்கு அருகே, ஆண்களில் மட்டும் ஒரு துண்டு இரட்டித்திருக்கிறது. கிரேவ்ஸே இந்த எலியைக் காட்டித்தான், ஒய் போனாலும் ஆண் போக வேண்டியதில்லை என்கிறார். செய்தி எழுதுபவர்கள் அதற்கு முந்தைய வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

ஒய் உதிர்வதைப் பற்றிக் கவலைப்பட்டே தீர வேண்டுமென்றால், வயதான ஆண்களின் ரத்த அணுக்களைப் பார்க்கலாம். பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வில், 70 வயதை எட்டிய ஆண்களில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டோரின் ரத்தத்தில் ஒய் இல்லாத அணுக்கள் தென்பட்டன. புகைப்பவர்களிடம் இது அதிகம்.

அண்ணனுக்கு வயது 71. இதை மட்டும் தனியாக அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: "ஃபில்டர் வைத்த சிகரெட்டுமா?"