திரும்பி வரும் கோப்புகள்தான் தாமதம்: முன்னாள் படைவீரர் பென்ஷன் பற்றி

பட்டாளக்காரர் இறந்த பிறகு மனைவிக்கு வர வேண்டிய குடும்ப பென்ஷன் ஏன் இவ்வளவு இழுக்கிறது என்று கேட்டால், ஆள் போதாது, சிஸ்டம் ஸ்லோ என்ற பதில்தான் வருகிறது. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் தேங்கிக் கிடக்கும் கோப்புகளைப் பிரித்துப் பாருங்கள். பலவும் ஏற்கெனவே ஒருமுறை போய்த் திரும்பி வந்தவை. காரணம் அநேகமாக ஒன்றுதான்: பென்ஷன் உத்தரவான பிபிஓவில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர்.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் இது கூடுதல். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்தோம். பழைய பள்ளிச் சான்றில் மலையாள வழக்கப்படி பெயர், ஆதாரில் தமிழ் வழக்கப்படி. தங்கம் என்பதை ஆங்கிலத்தில் ஒருவர் ‘கே’ போட்டு எழுதுவார், இன்னொருவர் ‘ஜி’ போட்டு எழுதுவார். யேசுதாஸ் ‘ஒய்’யிலும் வரும், ‘ஜே’யிலும் வரும். படையிலிருந்து விடுபடும்போது தரும் டிஸ்சார்ஜ் புக்கில் வீட்டுப் பெயர் இனிஷியலாக இருக்கும், ஆதாரில் அப்பா பெயரின் எழுத்து. மனைவிக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று, ரேஷன் கார்டில் வேறொன்று. ஊரில் எல்லாருக்கும் ஆள் யாரென்று தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

இதை நாகர்கோவிலில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகம் தானாகத் திருத்த முடியாது. பட்டாளக்காரர் பணியாற்றிய பிரிவின் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸ்தான், பதிவில் மாற்றம் செய்யும் ‘பார்ட் டூ ஆர்டர்’ போட வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், பீரங்கிப்படை என்றால் நாசிக், கருவிகளைப் பழுதுபார்க்கும் இஎம்இ பிரிவு என்றால் செகந்திராபாத். அங்கிருந்து பிரயாக்ராஜில் (பழைய அலகாபாத்) உள்ள பாதுகாப்புத் துறைக் கணக்கு அலுவலகமான பிசிடிஏ பென்ஷன் அலுவலகத்துக்குப் போய், திருத்திய பிபிஓ வர வேண்டும். பட்டாளக்காரர் உயிரோடு இருக்கும்போது அவரே கையெழுத்துப் போட்டுக் கேட்டால் இது சாதாரண வேலை. அவர் போன பிறகு, பெயரே பொருந்தாத மனைவி ‘நான்தான் அவள்’ என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது. உறுதிமொழிப் பத்திரம் வேண்டுமென்றால் எந்தப் படிவத்தில், யார் முன்னால் கையெழுத்து என்று ரெக்கார்ட் ஆபீஸிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். கேட்காமல் நோட்டரிக்குக் கொடுத்த பணம் பல வீடுகளில் வீண்தான்.

பெயரைவிட மோசமானது பிறந்த தேதி. பழைய பிபிஓ பலவற்றில் மனைவியின் பிறந்த தேதியே இல்லை. 80 வயது ஆகும் மாதத்தின் முதல் தேதியிலிருந்து பென்ஷன் 20 சதவீதம் கூட வேண்டும். 85ல் 30, 90ல் 40, 95ல் 50, 100ல் 100. குறைந்தபட்சக் குடும்ப பென்ஷன் 9,000 ரூபாய் வாங்குகிற பாட்டிக்கு 20 சதவீதம் என்றால் மாதம் 1,800, அதற்கு மேல் பஞ்சப்படி. தேதி ஏறாதவரை இந்தப் பணம் வராது. அவருக்கு இப்படியொரு உரிமை உண்டென்றே தெரியாதபோது புகார் எங்கே வரும்? வராத புகார் நிலுவைக் கணக்கிலும் ஏறாது. இதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

அடுத்தது உயிர்வாழ் சான்று. நவம்பரில் இ-சேவை மையத்தில் விரல் வைத்து, ரசீதும் வாங்கி, நிம்மதியாக வீட்டுக்குப் போகிறார்கள். சில மாதத்தில் பென்ஷன் நிற்கிறது. இந்தச் சான்றைப் பதியும் ஜீவன் பிரமாண் தளத்தில் பென்ஷன் வழங்கும் இடமாக, பழைய பழக்கத்தில் வங்கியைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். பாதுகாப்புத் துறையின் ஆன்லைன் பென்ஷன் முறையான ஸ்பர்ஷுக்கு மாறியவர்களுக்கு அங்கே ‘ஸ்பர்ஷ் – பிசிடிஏ பென்ஷன்ஸ் அலகாபாத்’ என்றுதான் இருக்க வேண்டும். பட்டனை அழுத்தும் முன் திரையைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். முந்திரி ஆலையில் வேலை பார்த்த அம்மாமார்களுக்குத் முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டு ரேகையே தேய்ந்திருக்கும். ரப்பர் வெட்டியவர்களுக்கும் அப்படித்தான். பத்துத் தடவை விரலை அழுத்தி அவர்களைப் பாடுபடுத்த வேண்டாம், முகம் பார்த்துப் பதிகிற வசதி செல்போனிலேயே இருக்கிறது. 80 தாண்டியவர்கள் அக்டோபரிலேயே பதியலாம்.

மாற்றுத்திறன் பிள்ளை இருக்கிற வீடுகளுக்குத் தனியாகச் சொல்கிறேன். அப்பா அம்மா இருவரும் இருக்கும்போதே அந்தப் பிள்ளையின் பெயரை மருத்துவச் சான்றோடு பிபிஓவில் ஏற்றிவிடுங்கள். இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

அரசுத் தரப்பில் செய்ய வேண்டியது பெரிய செலவு பிடிப்பதல்ல. மனு வாங்கும் முதல் மேசையிலேயே பிபிஓ, ஆதார், பான், வங்கிப் புத்தகம் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒருவர் வேண்டும். குறை இருந்தால் எல்லாவற்றையும் ஒரே தடவையில் எழுதிக் கொடுக்க வேண்டும். இன்று ஒன்று, அடுத்த மாதம் ஒன்று என்று சொல்வதால்தான் ஒரே கோப்பு நாலு தடவை வரிசையில் நிற்கிறது. திருத்தி வந்த கோப்புக்குப் பழைய தேதியின் முன்னுரிமையே கிடைக்க வேண்டும். இப்போது கடைசியில் போய் விழுகிறது. பத்துகாணியிலிருந்தும் அருமனையிலிருந்தும் வயதானவர்களை நாகர்கோவிலுக்கு வரவழைப்பதற்குப் பதிலாக மாதம் ஒரு நாள் குழித்துறையிலும் தக்கலையிலும் உட்கார்ந்தால் போதும்.

மத்திய அரசின் குறைதீர் தளத்தில் போடும் மனுவுக்கு 21 நாள் கெடு உண்டு. ‘சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது’ என்று எழுதி மனுவை முடித்துவிடுவது தீர்வே இல்லை. பணம் கணக்கில் ஏறும்வரை அந்த மனு திறந்தே இருக்க வேண்டும். இப்படி முடித்துவிட்டால் சோர்ந்துவிடாதீர்கள், 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். பிபிஓ எண், ரெக்கார்ட் ஆபீஸுக்கு அனுப்பிய பதிவுத் தபால் ரசீதின் தேதி, எந்த மாதத்திலிருந்து எவ்வளவு வரவில்லை என்ற கணக்கு மூன்றையும் அதில் எழுதுங்கள்.

நம்மால் முடிந்ததும் ஒன்று உண்டு. நவம்பரில் உயிர்வாழ் சான்று பதிய எல்லாரும் எப்படியும் வருவார்கள். அந்த வரிசையில் உதவிக்கு நிற்கும் சங்கத்துக்காரர்கள், தம்பி தங்கைகள், ஒவ்வொருவரிடமும் பிபிஓவை வாங்கி, மனைவியின் பெயர் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா, பிறந்த தேதி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு நிமிஷ வேலை. இல்லையென்றால் ரெக்கார்ட் ஆபீஸுக்கு மனு எழுதி, அவர் கையெழுத்தை அங்கேயே வாங்கிவிடுங்கள்.