எச்.சி-05 புளூடூத் மாட்யூல்: ஆர்.எக்ஸ் (தரவு வாங்கும்) காலுக்கு 5 வோல்ட் ஆகாது

"பலகையில் 3.6 முதல் 6 வோல்ட் வரை என்று அச்சிட்டிருக்கிறதே, ஆர்டுவினோ ஊனோ கன்ட்ரோலர் போர்டோடு நேராகவே இணைக்கலாம்" என்று இந்த இழையில் மேலே ஒரு நண்பர் சொல்லியிருக்கிறார். அந்த அளவு வி.சி.சி (மின்சாரம் ஏற்கும்) காலுக்கு மட்டும்தான். அங்கே வோல்ட்டைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டர் இருக்கிறது. ஆர்.எக்ஸ் கால் 3.3 வோல்ட் சிக்னலுக்கானது. ஊனோவின் டி.எக்ஸ் (தரவு அனுப்பும்) கால் தருவதோ 5 வோல்ட். பல நேரம் உடனே கெடாது, அதனால்தான் இந்தத் தவறான யோசனை பரவுகிறது.

சேலத்து விசைத்தறிக் கூடத்தில் சுற்று எண்ண இதைப் பொருத்தப்போகும் தம்பி, அது நாள் முழுக்க ஓடவேண்டிய இடம். ஊனோ டி.எக்ஸுக்கும் மாட்யூல் ஆர்.எக்ஸுக்கும் நடுவே 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், அந்த ஆர்.எக்ஸிலிருந்து கிரவுண்டுக்கு 2 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடுங்கள், சுமார் 3.3 வோல்ட் வரும். எதிர்த்திசைக்கு, அதாவது மாட்யூல் டி.எக்ஸிலிருந்து ஊனோ ஆர்.எக்ஸுக்கு, ரெசிஸ்டர் ஒன்றும் வேண்டாம், 3 வோல்ட்டையே ஊனோ ஹை (அதாவது 1) என்று எடுத்துக்கொள்ளும். அப்புறம், இரண்டின் கிரவுண்டையும் கட்டாயம் சேருங்கள்.