வார்த்த பலகையை வெயிலில் போடாதீர்கள்

அண்ணே, செடிப் பாத்தியின் சுவருக்காக வார்த்த கான்கிரீட் பலகையைப் பினாங்கு வெயிலில் ஒரு நாள் போட்டால் போதும், மறுநாளே பாத்தி கட்டி மண் கொட்டலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. தண்ணீர் ஆவியாவதால் கான்கிரீட் வலுப்பெறுவதில்லை. சிமெண்டு தண்ணீரோடு வினைபுரிவதால்தான் வலுப்பெறுகிறது. வெயில் அந்தத் தண்ணீரைப் பிடுங்கிவிட்டால் மேற்பரப்பு மாவாக உதிரும், மெல்லிய பலகை விரிசல் விடும். நிழலில் வைத்து, ஈரச் சாக்கு போர்த்தி, குறைந்தது 7 நாள் நனைத்துக்கொண்டே இருங்கள். வலுவைச் சோதிப்பதே வழக்கமாக 28ஆம் நாளில்தான். நம் ஊர் மழையில் ஊறிய மண் பக்கவாட்டில் தள்ளும் தள்ளு லேசுப்பட்டதில்லை.

அப்புறம், பத்து பெரிங்கி கடற்கரை மணலைக் கான்கிரீட்டில் கலக்கலாம் என்றவருக்கு: அந்த மணலிலுள்ள உப்பு பலகைக்குள் இருக்கும் கம்பி வலையைத் துருப்பிடிக்க வைக்கும். கடையில் ஆற்று மணல் வாங்குங்கள்.