2024 படங்கள்: காதை வைத்து ஒரு கணக்கு

2024 படங்களுக்கு ஆளாளுக்கு டாப் டென் போட்டாயிற்று. கதை, நடிப்பு, வசூல் எல்லாம் அலசியாயிற்று. நான் காதை மட்டும் வைத்து ஒரு கணக்குப் போடுகிறேன். 2024-ல் தமிழ்ப் படங்களைக் கதை கெடுத்ததைவிட, வசனம், இசை, சத்தம் எல்லாவற்றையும் அளவு பார்த்துக் கலக்கும் மிக்ஸிங் கெடுத்தது அதிகம் என்பது என் கட்சி.

கங்குவாவில் ஆரம்பிக்கலாம். நவம்பர் 14-ல் வந்தது; வந்த வேகத்தில் காது வலிக்கிறது என்று புகார். தயாரிப்பாளர் ஞானவேல்ராஜாவே வால்யூமை இரண்டு பாயின்ட் குறைக்கச் சொல்லி தியேட்டர்காரர்களைக் கேட்டுக்கொண்டார். ஆஸ்கர் வாங்கிய ரசூல் பூக்குட்டியும் இந்தச் சத்தப் போட்டியைப் பற்றி வருத்தப்பட்டு எழுதினார்.

அந்த இரண்டு பாயின்ட் என்ன என்று தெரிந்தால்தான் சிக்கல் புரியும். தியேட்டரின் ஒலியை ஆளும் டால்பி பிராசஸர் கருவியில் 0 முதல் 10 வரை ஃபேடர், அதாவது வால்யூம் திருகு, இருக்கும். 7 என்பது நிர்ணய அளவு. அதில் வைத்துச் சோதனைக்கான இரைச்சலைப் போட்டால், திரைக்குப் பின்னால் இருக்கும் ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் அரங்கில் அளக்கும் இடத்தில் 85 டெசிபல் காட்ட வேண்டும். 4-க்கு மேல் ஒவ்வொரு பாயின்டும் சுமார் 3.3 டெசிபல். இரண்டு பாயின்ட் இறக்கினால் கிட்டத்தட்ட 7 டெசிபல் போய்விடும். சண்டையும் 7 குறையும், வசனமும் அதே 7 குறையும். கத்தல் மிஞ்சும், பேச்சு முங்கிவிடும்.

இதில் ஒரு விஷச் சுழல் இருக்கிறது. சத்தமான படம் வந்தால் புகார் வருகிறது, ஆபரேட்டர் 5-க்கோ 4.5-க்கோ இறக்குகிறார். எப்படியும் இறக்கத்தானே போகிறார்கள் என்று அடுத்த படத்தை மிக்ஸ் செய்கிறவர் இன்னும் ஏற்றி வைக்கிறார். நடுவில் மாட்டிக்கொள்வது 7-ஐ நம்பி ஒழுங்காக மிக்ஸ் செய்த படம். மெய்யழகன் இழுவை என்று சொல்லி, வெளியான பிறகு சுமார் 18 நிமிடம் வெட்டினார்கள். ராத்திரி முழுக்க இரண்டு பேர் பேசும் படம் அது. 5-ல் ஓட்டினால் அந்தப் பேச்சு முணுமுணுப்பாகத்தான் வந்து சேரும். முணுமுணுப்பை யார் கேட்டாலும் இழுவை என்றுதான் சொல்வார்கள். கத்தரிக்கோலை எடுக்கும் முன் ஃபேடரைப் பார்த்திருக்கலாம்.

எல்லாப் பழியும் படத்தின் மேல் இல்லை. தியேட்டரின் கோளாறா என்று பார்க்கச் சில அடையாளங்கள் உண்டு. 'ச', 'ஸ்' எழுத்துகள் மழுங்கிக் கேட்டால், நடு ஸ்பீக்கரில் கூர்மையான ஒலிகளைத் தரும் ஹார்ன் டிரைவர் போயிருக்கலாம். இல்லை திரையின் பொடித் துளைகளில் தூசி அடைத்திருக்கலாம். வசனம் அந்தத் துளைகள் வழியாகத்தான் வருகிறது. மழைக் காட்சியில் ஒரு பக்கச் சுவர் மட்டும் நனையாமல் இருந்தால் அந்தப் பக்கத்துச் சுவர் ஸ்பீக்கர்கள் (சரவுண்டு) வேலை செய்யவில்லை. வெடிச் சத்தத்துக்கு மேலே கூரைத் தகடு கடகடத்தால் அது படத்தில் இல்லாத சத்தம். மதுரையின் பழைய பால்கனி தியேட்டர்களில் பால்கனிக்கு அடியில் உள்ள கடைசி வரிசைகளைத் தவிருங்கள், கூர்மையான ஒலிகள் அங்கே வந்து சேராது. திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில், நடு சீட்தான் சரி. நம்மூரில் முதல் நாள் முதல் காட்சிக்குப் போய், விசிலுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு மிக்ஸிங்கைத் திட்டுவது மட்டும் நியாயமில்லை.

2024-ன் முதலிடம் எனக்குக் கொட்டுக்காளி. ஆகஸ்ட் 23-ல் வாழை படத்தோடு ஒரே நாளில் வந்து, அதன் நிழலில் ஒதுங்கிப் போன படம். பின்னணி இசை கிடையாது, பாட்டு கிடையாது. அது இல்லாததே பெரிய விஷயம் என்று பாராட்டியவர்கள் பாதியில் நின்றுவிட்டார்கள். இசையின் இடத்தில் இயக்குநர் வினோத்ராஜ் என்ன வைத்தார் என்பதுதான் விஷயம். ஆட்டோ இன்ஜின், காற்று, கட்டிப் போட்ட சேவல், பேச்சுக்கு நடுவில் விழும் பைக் ஹாரன். சூரிக்குத் தொண்டை கட்டிய குரல், கத்தக்கூட முடியாது. ஆனாலும் அதிகாரம் முழுக்க அவர் கையில். எதிரே அன்னா பென் ஏறக்குறைய வாயே திறப்பதில்லை. அந்த மௌனம் நமக்குக் கேட்க வேண்டுமென்றால் சுற்றியுள்ள சத்தம் சரியான அளவில் இருக்க வேண்டும், இருந்தது. மேலூர்ப் பக்கம் மத்தியானச் சாலையில் நின்றவர்களுக்குத் தெரியும், வெயிலுக்கென்று ஒரு சத்தம் உண்டு. அதைப் பதிந்த படம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. ஒரு வயலின் இழுப்பைச் சேர்த்திருந்தால் படம் செத்திருக்கும்.

இரண்டாவது, மலையாளமானாலும் நம்மூரில் சக்கைப்போடு போட்ட மஞ்சும்மல் பாய்ஸ். நண்பன் விழுந்த குகைக் குழிக்கு மேலே நிற்பவர்களின் குரலும் உள்ளேயிருந்து வரும் குரலும் வேறு வேறு ஆழத்தில் கேட்டதே, அதுதான் பயம். குகையின் இருட்டைவிட அந்த எதிரொலிதான் அடிவயிற்றைப் பிசைந்தது. குணா பாட்டு எழும்போது தியேட்டர் எழுந்ததற்குக் காரணம் பழைய நினைவு மட்டுமில்லை. அதற்கு முன்னால் வெகுநேரம் காதைப் பட்டினி போட்டிருந்தார்கள்.

கிரிக்கெட் படமான லப்பர் பந்தில், அட்டகத்தி தினேஷின் கெத்து பாத்திரம் ஆட வரும்போது 'பொன்மனச் செல்வன்' பாட்டு. விஜயகாந்த் மறைந்து ஒரு வருஷம் முடிவதற்குள், அவர் வளர்ந்த மதுரையில் அந்த இடத்துக்கு என்ன நடந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மகாராஜாவில் ஒரு வசனம் தவறினால் கதையே தவறிவிடும். தவறவிடாமல் கேட்கவைத்தார்கள், போதும்.

விடுதலை 2-ல் எனக்குக் குறை உண்டு. வெற்றிமாறன் டப்பிங்கில் வசனம் சேர்த்துக்கொண்டே போகிறார். முகம் திரும்பியிருக்கும் ஷாட்டில் ஒரு வரி, தூர ஷாட்டில் இரண்டு வரி. உதடு ஒன்று சொல்ல, காது வேறொன்றைக் கேட்கிறது. விஷயம் கனமானது என்பதால் எத்தனை பேர் இதைப் பொறுத்துக்கொள்வார்கள்?

டிவி பக்கம் வந்தால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வசனத் தெளிவில் சீரியல்கள் சினிமாவை அடித்துவிட்டன. காய் நறுக்கிக்கொண்டே கேட்கிறவர்களுக்காகச் செய்யப்படுவதால் பேர் சொல்லிக் கூப்பிட்டு, ஒருவர் முடித்த பிறகே அடுத்தவர் பேசுகிறார். முகத்துக்கு முகம் அந்த 'டமால்' இசையை விட்டால் இன்னும் நல்லது. 2024 ஜூனில் முடிந்த எதிர்நீச்சலில் நடிகர் மாரிமுத்து இருந்த காலம்வரை அந்த இசை தேவைப்படவில்லை. குரலே போதுமானதாக இருந்தது. 2024 டிசம்பரில் இரண்டாம் பாகம் தொடங்கியது.

வீட்டில் ஓடிடியில் வசனம் கேட்கவில்லை என்பவர்களுக்கு. ஆடியோவில் ஆறு ஸ்பீக்கருக்கான 5.1 தேர்வாகியிருந்தால், டிவியின் சொந்த ஸ்பீக்கரில் பார்க்கும்போது ஸ்டீரியோவுக்கு மாற்றுங்கள். டிவி செட்டிங்ஸில் நைட் மோட் மாதிரி ஒன்று இருந்தால் போடுங்கள், வெடியும் பேச்சும் நெருங்கி வரும். நெட்ஃபிளிக்ஸ் தன் சொந்தத் தயாரிப்புகளில் வசன அளவு மைனஸ் 27 எல்கேஎஃப்எஸ் (ஒலிப்பதிவின் சத்தத்தை அளக்கும் அலகு) இருக்க வேண்டும், 2 கூடக்குறைய இருக்கலாம் என்று விதி வைத்திருக்கிறது. நம் தியேட்டர் படங்களுக்கு அப்படி ஒரு கடிவாளம் இல்லை. கங்குவாவும் பிரைமுக்கு வந்துவிட்டது, ரிமோட் இப்போது உங்கள் கையில். சவுண்ட்பார் வாங்குவதென்றால் 2.1 வேண்டாம், 3.1 பாருங்கள், அந்த மூன்றாவதுதான் வசனத்துக்கான நடு ஸ்பீக்கர். வாங்கியதை ஷோகேஸ் தட்டுக்கு உள்ளே தள்ளாமல், முன் விளிம்புக்கு இழுத்து வையுங்கள்.