கொமொரோஸ்: கவிழ்த்தது யார்?

கொமொரோஸ் பற்றி எதை எடுத்துப் படித்தாலும் முதல் வரி ஒன்றுதான். 1975இல் பிரான்ஸிடமிருந்து விடுதலை, அதன் பிறகு இருபதுக்கும் மேற்பட்ட ஆட்சிக் கவிழ்ப்புகளும் கவிழ்ப்பு முயற்சிகளும். படித்ததுமே 'ஆளத் தெரியாதவர்கள்' என்று முடிவு கட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்த வரியைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். கவிழ்த்தது யார் என்பதையும் சேர்த்து எழுதினால் என்ன?

மொசாம்பிக்குக்கும் மடகாஸ்கருக்கும் நடுவே நான்கு தீவுகள்: கிராண்ட் கொமோர், அஞ்சுவான், மொஹேலி, மாயோட். 1974 டிசம்பரில் பிரான்ஸ் வாக்கெடுப்பு நடத்தியது. மொத்தத்தில் சுமார் 95 சதவீதம் பேர் விடுதலை கேட்டார்கள். மாயோட்டில் மட்டும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேர் வேண்டாம் என்றார்கள். பிறகு பாரிஸ், முடிவைத் தீவு தீவாகப் பார்க்க வேண்டும் என்று சொல்லி மாயோட்டைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. மாயோட்காரர்களின் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அவர்கள் பக்கம் இருந்த தலைநகரைக் கிராண்ட் கொமோரில் உள்ள மொரோனிக்கு மாற்றிய ஆத்திரம் அவர்களுக்கு இருந்தது. ஆனால் ஐ.நா. நான்கு தீவுகளையும் சேர்த்துத்தான் கொமொரோஸைச் சேர்த்துக்கொண்டது. 1976இல் பாதுகாப்பு அவையில் இந்த விவகாரம் வந்தபோது பிரான்ஸ் வீட்டோ போட்டது. கொமொரோஸ் கொடியில் இன்றைக்கும் நான்கு நட்சத்திரங்கள்.

சரி, கவிழ்ப்புகளுக்கு வருவோம். உள்ளூர் அரசின் தலைவர் அகமத் அப்தல்லா 1975 ஜூலை 6 அன்று விடுதலையை அறிவித்தார். ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை, ஆகஸ்ட் 3 அன்று பதவி போனது. அஞ்சுவானில் இருந்த அவரைப் பிடிக்க இறக்கப்பட்டவர் பாப் டெனார் என்ற பிரெஞ்சுக் கூலிப்படைக்காரர். பின்னால் அலி சுவாலிஹ் அதிபரானார். அவர் அரசு ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பினார், ஆவணங்களைக் கொளுத்தினார், இளைஞர்கள் கையில் துப்பாக்கியைக் கொடுத்தார். 1978 மே மாதம் அதே டெனார் சுமார் ஐம்பது ஆட்களோடு கப்பலில் வந்து இறங்கி, சுவாலிஹைத் தூக்கிவிட்டு, தான் துரத்திய அதே அப்தல்லாவை நாற்காலியில் உட்கார வைத்தார். சில நாட்களில் சுவாலிஹ் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த பதினொரு ஆண்டுகள் அதிபரின் காவற்படை டெனார் கையில் இருந்தது. அதற்குச் சம்பளம் கொடுத்தது நிறவெறி தென்னாப்பிரிக்கா. 1989இல் அப்தல்லா தன் மாளிகையிலேயே சுடப்பட்டபோது டெனார் அங்கேதான் இருந்தார். அந்தக் கொலை வழக்கில் பாரிஸ் நீதிமன்றம் அவரை விடுவித்துவிட்டது. 1995இல் மறுபடியும் வந்தார், இந்த முறை ரப்பர் படகுகளில். அப்போதுதான் பிரெஞ்சு ராணுவம் இறங்கி அவரைப் பிடித்துக்கொண்டு போனது. ஒரே ஆள், இருபது வருடம். இதற்குப் பெயர் கொமொரோஸ்காரர்களின் உள்குழப்பமாம்.

இத்தனைக்கும் நடுவில் மக்கள் எதை விற்றுச் சாப்பிட்டார்கள்? வெனிலா, கிராம்பு, இலாங்-இலாங். கடைசியாகச் சொன்னது நம் மனோரஞ்சிதத்தின் குடும்பத்தைச் சேர்ந்த மஞ்சள் பூ. மரத்தை உயர விடாமல் வெட்டி, கிளைகளை வளைத்துக் கைக்கெட்டும் உயரத்தில் வைத்திருப்பார்கள். பெண்கள் விடியற்காலையில் பூப்பறிப்பார்கள். அன்றைக்கே கொப்பரையில் ஏற்றி மணிக்கணக்காக விறகெரித்து எண்ணெய் வடிக்க வேண்டும். முதலில் இறங்கும் எண்ணெய்க்குத்தான் நல்ல விலை, அது பிரான்ஸின் வாசனைத் திரவியக் கம்பெனிகளுக்குப் போகிறது. விறகுக்காக அஞ்சுவானின் மலைக்காடு கரைகிறது. அரிசியோ கப்பலில் வர வேண்டும். மார்செய் போன்ற நகரங்களில் வேலை பார்க்கும் கொமொரோஸ்காரர்கள் அனுப்பும் பணம் இல்லையென்றால் பல வீடுகளில் அடுப்பெரியாது. அந்தப் பணத்திலும் கணிசமான பகுதி கிராண்ட் கொமோரின் ஊர் மெச்சும் கல்யாணங்களுக்குப் போய்விடுகிறது என்பது வேறு கதை.

உள்ளூர்த் தலைவர்களை உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. வளைகுடாவில் நாடற்றவர்களாக இருந்த பிதூன் மக்களுக்குக் கொமொரோஸ் பாஸ்போர்ட் விற்ற திட்டத்தில் கோடிக்கணக்கில் பணம் மாயமானது. அந்த வழக்கில் முன்னாள் அதிபர் சாம்பிக்கு 2022இல் ஆயுள் தண்டனை. இப்போதைய அதிபர் அசாலி அசுமானி 1999இல் கவிழ்ப்பு நடத்தி வந்தவர். தீவுகள் முறைவைத்து அதிபர் பதவி வகிக்கும் ஏற்பாட்டை 2018இல் மாற்றி எழுதிக்கொண்டு இன்னும் இருக்கிறார். 1997இல் அஞ்சுவான் தீவு பிரிந்துபோய், 'எங்களைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்' என்று பிரான்ஸிடமே கேட்டது. பிரான்ஸ் மறுத்தது. விடுதலை வாங்கிய ஊரே அப்படிக் கேட்கும் நிலை வந்ததில் மொரோனி ஆட்சியாளர்களுக்குக் கட்டாயம் பங்குண்டு.

அஞ்சுவானிலிருந்து மாயோட் சுமார் 70 கிலோமீட்டர். 1995 வரை உறவு, கல்யாணம், சாவு என்று சகஜமாகப் போய்வந்த கடல். அந்த வருடம் பிரான்ஸ் விசா கொண்டுவந்தது. 2011இல் மாயோட் பிரான்ஸின் முழு மாவட்டமாகிவிட்டது. பிரான்ஸிலேயே ஆக ஏழை மாவட்டம் அதுதான். ஆனாலும் அங்கே பள்ளிக்கூடம் இருக்கிறது, பிரசவ ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆகவே குவாசா என்ற சின்ன மீன்பிடிப் படகில் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்புகிறார்கள். கடலில் மூழ்கிச் செத்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். 2008இல் தன்னை அகற்ற ஆப்பிரிக்க ஒன்றியப் படை வந்தபோது அஞ்சுவானின் தலைவர் முகமது பகாரும் இதே மாயோட்டுக்குத்தான் படகில் தப்பி ஓடினார்.

2023 ஏப்ரலில் மாயோட்டின் குடிசைகளை இடிக்கும் நடவடிக்கையைத் தொடங்கி, ஆட்களைக் கப்பலில் ஏற்றி அஞ்சுவானுக்கு அனுப்பியது பிரான்ஸ். சொந்த மண்ணிலிருந்து சொந்த மண்ணுக்கு நாடு கடத்துவதா என்று கொமொரோஸ் துறைமுகத்தை மூடிக் கப்பலைத் திருப்பி அனுப்பியது. எனக்குத் தெரிந்து பாரிஸின் முகத்துக்கு நேராக மொரோனி முடியாது என்று சொன்ன அபூர்வ சந்தர்ப்பம் அது. சில வாரங்களில் துறைமுகம் திறந்துவிட்டது.